வண்டியில் ஏதோ சத்தம்

1994-ல் டாடா சுமோ வந்தபோது, சத்தமில்லாத வண்டி என்று யாரும் அதை வாங்கவில்லை. பத்துப் பேர் உட்காரலாம், மேலே கேரியரில் மூட்டை கட்டலாம், மலை ஏறும். அவ்வளவுதான் கணக்கு. 1948 சிசி டீசல் என்ஜின், டர்போ கிடையாது, பின்னால் கமான்பட்டை. முன் சீட்டில் இருப்பவர் பின் சீட்டில் இருப்பவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் தலையைத் திருப்பிக் கத்த வேண்டும். அதற்கு முன்னால் ஓடிய மஹிந்திரா ஜீப்பும் டெம்போ டிராக்ஸும் இன்னும் மோசம். கதவு ஆடும், பானெட் அதிரும், கண்ணாடி தன் பள்ளத்துக்குள் கிடந்து துள்ளும்.

இத்தனை இரைச்சலுக்குள்ளும் டிரைவர் புதுச் சத்தத்தைப் பிடித்துவிடுவார். “மொதலாளி, நேத்துல இருந்து பின்னாடி ஏதோ கேக்குது” என்பார். பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டாலும் மொதலாளிக்கு ஒன்றும் விளங்காது. தினமும் அதையே ஓட்டி, சபரிமலை சீசனில் அதற்குள்ளேயே படுத்துத் தூங்கியவருக்கு வண்டியின் வழக்கமான சத்தம் பழகிக் கரைந்துபோயிருக்கும். புதிதாக வந்தது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும். அந்தக் காலத்தில் வண்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதைக் கேட்கிறவர் இன்னொருவர். டிரைவரும் மெக்கானிக்கும் கூட்டுச் சேர்ந்து செலவு வைக்கிறார்கள் என்ற சந்தேகம் மொதலாளிகளுக்கு ஓயாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம். தனக்குக் கேட்காத சத்தத்துக்கு எவர்தான் மனமுவந்து பணம் எடுத்துக் கொடுப்பார்?

பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என்ஜினில் ‘டக் டக்’ என்று அடிக்கிறது என்று வண்டி வந்து நிற்கும். மேஸ்திரி முதலில் எதையும் கழற்ற மாட்டார். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடச் சொல்வார். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். முன்பக்கம் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், பின்னால் ஒரு இடம். பிறகு ஸ்பேனரை எடுத்து, நாசிலுக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்துவார். டீசல் பிசிறி அடிக்கும், பையன் கந்தல் துணியைப் பிடித்துக்கொள்வான். அந்த சிலிண்டருக்கு டீசல் நின்றதும் அடிப்பது நின்றால், குற்றவாளி அங்கேதான். நிற்காவிட்டால் நட்டை இறுக்கிவிட்டு அடுத்த பைப். நான்கு பைப்பையும் தொட்டு முடிப்பதற்குள் எந்த நாசிலைக் கழற்றிப் பம்ப் கடைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். செலவு ஒரு டீ, கொஞ்சம் டீசல்.

டேங்க் காலியாகி ஏர் பிடித்துக்கொண்டாலும் டிரைவரே பார்த்துக்கொள்வார். ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பம்ப்பை அடித்துக்கொண்டே இருந்தால், முதலில் நுரையாக வரும், பிறகு நுரை குறையும், கடைசியில் குமிழி இல்லாத டீசல் வழியும். ஸ்குரூவை இறுக்கிச் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். பயணிகள் அதற்குள் இறங்கிக் காலாற நடந்துவிட்டு வந்திருப்பார்கள்.

அந்தக் காலத்துப் பட்டறையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் தேவையில்லை. ‘பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்’ என்று சொல்லி, டேப்பட் சரிசெய்தால் போயிருக்கும் சத்தத்துக்கு என்ஜினையே இறக்கிப் பிரித்துப் போட்ட மேஸ்திரிகளும் உண்டு. தேய்ந்த புஷ்ஷுக்குப் பதிலாகப் பழைய டயரை வெட்டிச் செருகி அனுப்பிவிடுவார்கள். ஸ்குரூ டிரைவர் காதை வைத்திருந்தவர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் சம்மட்டியை நம்பித் தொழில் செய்தவர்கள்.

பிறகு வண்டிகள் மாறின. 1998-ல் சஃபாரி, 2002-ல் ஸ்கார்பியோ, 2003-ல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு எண்டெவர். 2011-ல் வந்த எக்ஸ்யுவி 500 தனிச் சேஸிஸ் இல்லாமல், பாடியும் அடித்தளமும் ஒரே கூடாகச் சேர்ந்த வண்டி. 2021-ல் சஃபாரி பழைய பெயரோடும் புதிய உடம்போடும் திரும்பி வந்தது, அதே ஆண்டில் எக்ஸ்யுவி 700-ம் வந்தது. கதவுக்கு இரட்டை ரப்பர், பானெட்டுக்கு அடியில் மெத்தை, தரைக்கு அடியில் தார் ஒட்டிய தகடு. செய்யாறு பக்கம் 454 ஏக்கரில் மஹிந்திரா போட்டிருக்கும் சோதனைத் தடத்தில், நம் ஊர்ச் சாலைகளின் பள்ளங்களையும் மேடுகளையும் செயற்கையாகக் கட்டிவைத்து, அதன்மேல் வண்டியை ஓட்டிச் சோதிக்கிறார்கள்.

இவ்வளவு செய்த பிறகு என்ன ஆயிற்று? சத்தம் குறைந்தது, சத்தத்தைப் பற்றிய புகார் ஏறிவிட்டது. உள்ளே அமைதி கூடக் கூட, சீட் பெல்ட் பக்கிள் தூணில் தட்டும் ‘டிக்’ கூட மனிதனைத் தூங்கவிடாது. இருபத்தைந்து லட்சம் கொடுத்தவருக்கு அது வெறும் பிளாஸ்டிக் சத்தமாகக் கேட்பதில்லை, தான் ஏமாந்துவிட்டோமோ என்ற கேள்வியாகத்தான் கேட்கிறது. மின்சார எஸ்யுவி வாங்கியவர்கள் பாடு இன்னும் ஒரு படி மேல். மூடி மறைக்க என்ஜின் சத்தம்கூட அங்கே இல்லை.

இன்றைய சொந்தக்காரர் தானே ஓட்டுகிறார். கேட்பவரும் அவர்தான், பணம் கட்டுபவரும் அவர்தான். அதனால் அவர் பழைய டிரைவரின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. டேஷ்போர்டில் செல்போனை வைத்துச் சத்தத்தைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் மெக்கானிக்குக்கு அனுப்புகிறார். ‘டிக் டிக்’ என்ற மெல்லிய சத்தம் அதில் நன்றாகப் போய்ச்சேரும். வீல் பேரிங்கின் கனத்த உறுமல் செல்போன் ஸ்பீக்கரில் பாதிகூட வராது. “ஒண்ணும் கேக்கலையே சார்” என்று பதில் வந்தால் மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

சத்தத்தின் காரணங்கள் பெரும்பாலும் பழையவையேதான். பெரிய வண்டி, கனமான சக்கரம், இரண்டு டன்னை ஒட்டிய எடை, அதற்குக் கீழே ரப்பர் புஷ்களும் உருண்டைப் பந்து மூட்டுகளும். நம் வேகத்தடைகள் அவற்றை முதலில் தின்னும். சந்துக்குள் மெதுவாகப் போகும்போது முன்னால் ‘டொக் டொக்’ என்று கேட்டு, அகலமான வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது மட்டும் அது காணாமல் போனால், லிங்க் ராடைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால், இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது, அதனால் அதன் முனையில் மாட்டியிருக்கும் லிங்க் ராடுக்கும் வேலை இருக்காது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால்தான் அது ஆடும். விவரமான மெக்கானிக் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி வைத்துவிட்டு, தெருவை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வருவார். சத்தம் போயிருந்தால் வேலை முடிந்தது. பிரேக் அடிக்கும்போது ஒரே ஒரு ‘டொக்’ மட்டும் வந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டிங்’ என்று ஸ்பிரிங் துள்ளுகிறதா? ஸ்ட்ரட் தலையில் இருக்கும் மவுண்ட் தேய்ந்திருக்கலாம்.

உறுமல் வேறு வகை. அறுபதில் மெல்ல ஆரம்பித்து எண்பதில் காதை நிறைக்கும் ‘ஊ…’ டயரிலிருந்தும் வரலாம், பேரிங்கிலிருந்தும் வரலாம். கரடுமுரடான தாரிலிருந்து வழுவழுப்பான தாருக்கு மாறும்போது தொனி மாறினால் அது டயர். நல்ல அகலமான காலிச் சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக வலப்பக்கம் வளைத்தால் வண்டியின் எடை இடப்பக்கம் சாயும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு மாதிரியும் காலை எடுத்தால் இன்னொரு மாதிரியும் ஊளையிட்டால் பின்னால் இருக்கும் கிரவுன், பினியன். ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது அடியில் ‘டங்’ என்று ஒரு அடி விழுந்தால் புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ். சிலசமயம் புதுக் கிரீஸ் அடைத்தாலே அது அடங்கிவிடும். முன்சக்கர இழுவை வண்டியில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து யு டர்ன் எடுக்கும்போது ‘டக டக டக’ என்றால் ஆக்ஸில் ஜாயிண்ட். இவற்றில் எதுவும் சுமோ டிரைவருக்குப் புதிதல்ல, கடைசி ஒன்றைத் தவிர.

இவற்றுக்கெல்லாம் முன்னால் மூன்றாம் வரிசை சீட்டைப் பார்க்க வேண்டும். மடித்துப் போட்ட சீட்டின் கொக்கி லூஸாக அதிர்வது, ஜாக்கி தன் இடத்தை விட்டு நகர்ந்தது, அடியில் தொங்கும் ஸ்டெப்னியின் கட்டு தளர்ந்தது, கதவுப் பைக்குள் கிடக்கும் தண்ணீர் பாட்டில். சஸ்பென்ஷனை மாற்றிய பிறகும் போகாத சத்தங்களில் கணிசமானவை இங்கேதான் ஒளிந்திருக்கும். வெயில் காலத்தில் கதவு ரப்பர் காய்ந்து ‘கிரீச்’ என்று உரசுவதற்கு ஒரு சிலிகான் ஸ்பிரே போதும்.

சத்தமே இல்லாமல் வரும் கோளாறு வேறு விஷயம். அதில்தான் காலம் உண்மையாகவே மாறியிருக்கிறது. நாசில் பைப்பைத் தளர்த்திக் கேட்ட மேஸ்திரி, அதே பழக்கத்தில், எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் என்ஜினில் கை வைத்தால் விரல் போய்விடும். பழைய நாசில் 100 முதல் 250 பார் வரையிலான அழுத்தத்தில் திறந்தது. இப்போது பைப்பில் இருப்பது 1600 பாரையும் தாண்டும். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். பழைய வித்தையைக் கைவிட்டதற்கு மறதியோ சோம்பலோ மட்டும் காரணமில்லை.

அதன் இடத்தில் ஸ்கேனர் வந்தது. 2010-ல் தொடங்கி 2013-ல் முழுமையாக, பிஎஸ் 4 மாசு விதிப்படி வந்த கார்களில் தன் கோளாறைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாடு இந்தியாவில் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் சின்ன புளூடூத் பெட்டியை அதில் செருகினால், சொந்தக்காரரின் செல்போனிலேயே கோட் தெரியும். பி 0401 என்றால் ஈ.ஜி.ஆர். வழியாகப் புகை போதுமான அளவு திரும்பவில்லை. பி 0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு வாதம் இருக்கிறது. டர்போ அழுத்தம் போதவில்லை என்று கோட் சொன்னதும் டர்போவுக்கே விலை சொல்லிவிடுகிற பட்டறைகள் இருக்கின்றன. பல்லாயிரம் ரூபாய். கோட் சொன்னது அழுத்தம் குறைவு என்பதை மட்டும்தான், எங்கே குறைகிறது என்பதை அல்ல. இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு நகக்கண் அளவு விரிசல் இருந்தாலும் அதே கோட்தான் வரும். ஏற்றத்தில் மிதிக்கும்போது ‘புஸ்’ஸென்று காற்று கசிவது கேட்டிருந்தால், சோப்புத் தண்ணீரைக் குழாய் மேல் தடவி, காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வரும் இடத்தைப் பார்த்திருக்கலாம். குழாயின் விலை டர்போவின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. கோட் எந்தத் தெருவில் வீடு என்று சொல்கிறது, கதவைத் தட்ட ஆள் வேண்டும்.

எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தால் பயப்படுபவர்கள் அதிகம். ஏபிஎஸ், ஏர் பேக், ஸ்டீயரிங், நான்கு சக்கர இழுவை என்று டேஷ்போர்டில் திருவிழா சீரியல் செட் போட்டதுபோல் எரியும்போது, அத்தனையும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். கிராங்க் செய்யும்போது வோல்டேஜ் விழுந்தால் மின்னணுப் பெட்டிகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் புகார் எழுதிவைக்கும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததிலிருந்து பெரிய டீசல் வண்டிக்காரர்களுக்குப் புதிதாக ஒரு கவலை சேர்ந்தது. டிபிஎஃப் என்னும் கரி வடிகட்டி. சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்துவைத்து, நிறைந்ததும் கூடுதல் டீசல் கொண்டு சூடேற்றி எரிக்கும். எரிக்கும் நேரத்தில் ஐடில் வேகம் கொஞ்சம் ஏறும், ரேடியேட்டர் ஃபேன் இரைந்து ஓடும், கருகல் வாடை வரும். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் ஃபேன் சுற்றுவதைப் பார்த்து, ஏதோ தீப்பிடிக்கிறது என்று பதறிச் சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். பாதியில் நின்றதால் கரி அப்படியே கிடக்கும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, வீடு என்று ஐந்து கிலோமீட்டர் சுற்றும் வண்டிக்கு இது தினமும் நடந்தால், எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டமே உயரத் தொடங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைந்தால் கவலைப்படச் சொல்லிக் கொடுத்தது பழைய காலம். இன்று கூடினாலும் கவலைப்பட வேண்டும். டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு வந்தால் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டிவிட்டு வருவதுதான் பெரும்பாலும் மருந்து. நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு டீசல் எஸ்யுவி எதற்கு என்று விற்பனைக் கூடத்திலேயே யாராவது கேட்டிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. விற்கிறவர் கேட்பாரா என்ன!

எலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜீப் காலத்திலும் பானெட்டுக்குள் எலி குடியிருந்தது. கடிக்க இருந்தது ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் போகும் சில ஒயர்கள். எலக்ட்ரீஷியன் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்துவிடுவார். இன்றைய என்ஜின் அறையில் ஓடும் ஒயர்க்கட்டு கை மணிக்கட்டு தடிமன். அதில் ஒரு மெல்லிய கம்பி அறுந்தால் சென்சார் ஒன்று ஊமையாகி, வண்டி வேகம் எடுக்காமல் முனகும். ஒயர்க்கட்டையே மாற்றச் சொல்வது ஒரு வழி. அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டவைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கு ஒரு முழுநாள் பொறுமை வேண்டும். நாப்தலின் உருண்டையும் புகையிலையும் பானெட்டுக்குள் கட்டித் தொங்கவிடுகிற வழக்கம் மட்டும் ஜீப்பிலிருந்து இன்றைய எக்ஸ்யுவி வரை மாறாமல் வந்திருக்கிறது. எலிகள் அதை எந்த அளவுக்கு மதிக்கின்றன என்பது வேறு கேள்வி.

தண்ணீரிலும் இதே கதை. 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகளில், தண்ணீர் வடிந்ததும் ஆவலோடு ஸ்டார்ட் செய்தவர்கள் என்ஜினையும் சேர்த்து இழந்தார்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அது பழைய வண்டிக்கும் பொது. ஆனால் பழைய வண்டியில் தண்ணீரை இறக்கி, ஆயில் மாற்றி, பத்து நாளில் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் மின்னணுப் பெட்டிகள் இருக்கின்றன. அவை நனைந்தால் இன்சூரன்ஸ்காரரே ‘மொத்த நஷ்டம்’ என்று எழுதிவிடுவதுண்டு.

மறைமலை நகரில் செய்த எண்டெவரின் சொந்தக்காரர்கள் இந்த மாற்றத்தின் கூர்மையான முனையில் நிற்கிறார்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றாலும், ஷோரூம்கள் குறையக் குறைய, சொந்தக்காரர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே படிக்கத் தொடங்கினார்கள். இதே வண்டி தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எவரெஸ்ட் என்ற பெயரில் ஓடுகிறது என்பதால், பாக எண்ணை அங்கிருந்து ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. எந்த புஷ் தனியாகக் கிடைக்கும், எதற்கு முழு ஆர்மையே வாங்க வேண்டும் என்பதை மெக்கானிக்குக்கே சொல்லும் அளவுக்கு அவர்களில் பலர் தேறிவிட்டார்கள். சுமோ மொதலாளிக்கு வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்த ஞாபகமே இருந்திருக்காது. இவர்கள் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடிப் போகிறவர்களும் கையில் பாக எண்ணோடுதான் போகிறார்கள்.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. பில்லில் பாகத்துக்கு விலை இருக்கிறது, மாட்டுவதற்குக் கூலி இருக்கிறது. கண்டுபிடிப்பதற்கு இடம் எதுவும் இல்லை. ஸ்கேனர் மாட்டியதற்கு ஒரு தொகை போடுவார்கள், ஒரு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து காது கொடுத்ததற்குப் போட மாட்டார்கள். போட்டால் வாடிக்கையாளரும் சண்டைக்கு வருவார்: “ஒண்ணுமே மாத்தலை, எதுக்குங்க காசு?” அதனால் ஒன்றை மாற்றுகிறார்கள். போகவில்லை என்றால் அடுத்ததை மாற்றுகிறார்கள். மேஸ்திரி அன்று ஒரு டீக்குக் காது கொடுத்தார் என்றால், நாசில் வேலையில் அதை ஈடுகட்டிக்கொண்டார். இன்று நாசிலும் பம்ப்பும் அவர் கைக்கு வருவதில்லை, கேட்கும் நேரத்துக்கு யார் கொடுப்பது?

சில தனியார் பட்டறைகள் இப்போது ‘சத்தம் பார்க்க’ என்று தனியே கட்டணம் சொல்கின்றன. பாகம் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கொடுக்க வேண்டும். வருபவரிடம் அவர்கள் கேட்கும் கேள்விகள் நான்கைந்துதான்: காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? எந்த வேகத்தில்? பிரேக் அடிக்கும்போதா, திரும்பும்போதா? எந்தப் பக்கம் திரும்பும்போது? மழைக்குப் பிறகு கூடுகிறதா? இவற்றுக்குப் பதில் எழுதிக்கொண்டு போகிறவருக்குப் பாதிச் செலவு மிச்சம். அப்புறம் சாவியை வாங்கிக்கொண்டு மெக்கானிக் ஓட்டுநர் சீட்டில் உட்கார மாட்டார், பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். “நீங்களே ஓட்டுங்க சார், உங்களுக்குக் கேட்ட அதே ஸ்பீடு பிரேக்கருக்குப் போங்க.”